பார்த்த பக்கம் வேறு, எழுதிய பக்கம் வேறு: ஆப்பரேட்டிங் சிஸ்டத்தில் ஒரு ரேஸ் பிழையும் அதைத் திருத்திய விதமும்

முன்னுரை

மண்டபத்துக்கும் பாம்பனுக்கும் நடுவே கடல்மேல் ரயில் போவது ஒற்றைப் பாதையில். 1914 பிப்ரவரி 24-ஆம் தேதி திறக்கப்பட்ட பழைய பாலத்தின் நடுவே இரண்டு இரும்பு இலைகள் இருந்தன. கப்பல் வந்தால் ஆட்கள் கைவிசையால் சுற்றி இரண்டையும் மேலே தூக்குவார்கள். 2025 ஏப்ரல் 6-ஆம் தேதி திறக்கப்பட்ட புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறுகிறது. எந்திரம் மாறினாலும் விதி மாறவில்லை. பாலம் மூடியிருந்தால் ரயில், திறந்திருந்தால் கப்பல். இரண்டும் ஒரே நேரத்தில் கூடாது.

இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். “பாலம் மூடியிருக்கா?” என்று ஒருவர் பார்த்துவிட்டு வந்து சொன்னால் மட்டும் போதுமா? போதாது. அவர் பார்த்த நேரத்துக்கும் ரயில் அங்கே போய்ச் சேரும் நேரத்துக்கும் இடையில் யாரும் அதைத் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும். அவர் பார்த்தது உண்மைதான். ஆனால் ரயில் ஏறும்போதும் அது உண்மையாக இருக்கணுமே!

இந்தச் சின்ன விஷயம் ஒரு ஆப்பரேட்டிங் சிஸ்டத்துக்குள் மறந்துபோனது. 2007 முதல் 2016 வரை வெளிவந்த லினக்ஸ் கெர்னல்கள் எல்லாவற்றிலும் அந்த ஓட்டை இருந்தது. சர்வர், லேப்டாப், ஆண்ட்ராய்டு போன் எதுவும் தப்பவில்லை. சாதாரண யூசராக உள்ளே நுழைந்த எவரும் சில நொடிகளில் ரூட் ஆகிவிடலாம் என்ற நிலை. அந்தப் பிழைக்கு ‘டர்ட்டி கவ்’ என்று பெயர். சி.வி.இ-2016-5195 என்பது அதன் பதிவு எண்.

ஆப்பரேட்டிங் சிஸ்டம் பாடத்தில் மெமரி மேனேஜ்மென்ட் ஒரு யூனிட், பிராசஸ் சிங்க்ரனைசேஷன் இன்னொரு யூனிட் என்று தனித்தனியாகப் படிக்கிறோம். பரீட்சையிலும் தனித்தனிக் கேள்விதான். நிஜ கெர்னலில் இரண்டும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்கின்றன. அந்த முட்டலை நண்பர்களுக்குப் புரியும்படி சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வர்ச்சுவல் மெமரி: ஒரு சிறு நினைவூட்டல்

ஒவ்வொரு புரோகிராமும் மெமரி முழுவதும் தனக்கே சொந்தம் என்று நினைத்து ஓடுகிறது. அது சொல்லும் முகவரி உண்மை முகவரி அல்ல. மெமரியை 4096 பைட் கொண்ட பேஜ்களாகப் பிரித்து, எந்த வர்ச்சுவல் பேஜ் எந்த உண்மைப் பேஜில் இருக்கிறது என்று கெர்னல் ஒரு பேரேடு வைத்திருக்கிறது. அதுதான் பேஜ் டேபிள். 32 பிட் முகவரியில் கடைசி 12 பிட், பேஜுக்குள் எந்த இடம் என்று சொல்லும்; மீதி 20 பிட், எந்தப் பேஜ் என்று சொல்லும். ஆக மொத்தம் 10,48,576 பேஜ்கள்.

பேரேட்டின் ஒவ்வொரு வரியிலும் பேஜின் இடத்தோடு சில அடையாள பிட்களும் உண்டு. நமக்கு வேண்டியவை மூன்று:

அ) ப்ரெசன்ட் பிட்: பேஜ் இப்போது மெமரியில் இருக்கிறதா?
ஆ) ரைட் பிட்: இதில் எழுத அனுமதி உண்டா?
இ) டர்ட்டி பிட்: இதில் ஏற்கெனவே யாராவது எழுதினார்களா?

பேஜ் இல்லை என்றாலோ, அனுமதி இல்லாமல் எழுதப் போனாலோ பிராசசர் வேலையை நிறுத்திக் கெர்னலைக் கூப்பிடும். இதற்குப் பெயர் பேஜ் ஃபால்ட். கெர்னல் பேஜைக் கொண்டுவந்து வைத்து, பேரேட்டைத் திருத்தி, “மறுபடி முயற்சி செய்” என்று அனுப்பிவிடும். இந்த ‘மறுபடி முயற்சி’யை மனதில் வையுங்கள். கதையே அங்கேதான்.

2. எழுதும்போது மட்டும் நகல்

ஒரு ஃபைலைப் பத்துப் புரோகிராம்கள் படிக்கின்றன. பத்து நகல் எடுத்தால் மெமரி வீண். அதனால் ஒரே பேஜைப் பத்துப் பேருக்கும் காட்டி, ரைட் பிட்டை மட்டும் அணைத்து வைப்பார்கள். தனக்கென்று மேப் செய்துகொண்ட ஒருவன் எழுதப் போனால் பேஜ் ஃபால்ட் வரும். அப்போது கெர்னல் அவனுக்கு மட்டும் ஒரு தனி நகல் எடுத்துத் தரும். அவன் எழுதுவது நகலில், மூலம் பத்திரம். இதற்குப் பெயர் காப்பி ஆன் ரைட். மூன்று ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் ‘கவ்’, அதாவது பசு. ‘டர்ட்டி கவ்’ என்ற பெயரில் பசு வந்தது இப்படித்தான். டர்ட்டி வந்தது டர்ட்டி பிட்டிலிருந்து.

3. பூட்டு எதற்கு?

இரண்டு த்ரெட்கள் ஒரே எண்ணில் ஒன்று கூட்டுகின்றன என்று வைப்போம். நமக்கு அது ஒரு வரி. பிராசசருக்கு அது மூன்று வேலை: மெமரியிலிருந்து எடு, ஒன்று கூட்டு, திரும்ப வை. இரண்டு த்ரெட்டும் 5 என்று எடுத்து, இரண்டும் 6 என்று வைத்தால் ஒரு கூட்டல் காணாமல் போய்விடும். யார் முந்துகிறார் என்பதைப் பொறுத்து விடை மாறினால் அது ரேஸ் கண்டிஷன்.

இதற்கு மருந்து லாக் எனப்படும் பூட்டு. ஒற்றைப் பாதை ரயிலின் பழைய டோக்கன் முறை இதற்கு நல்ல உதாரணம். ஸ்டேஷன் எந்திரத்திலிருந்து இரும்புப் பந்து ஒன்றை எடுத்து டிரைவரிடம் கொடுப்பார்கள். அந்தப் பந்து அடுத்த ஸ்டேஷன் எந்திரத்துக்குள் போய் விழும்வரை, அந்தப் பாதைக்கு இரண்டாவது பந்து எந்தப் பக்கத்திலும் வெளியே வராது. யாருடைய ஞாபகத்தையும் நம்பி ரயில் ஓடுவதில்லை. பந்து கையில் இருக்கிறதா, இல்லையா? அவ்வளவுதான்.

“அப்படியானால் கெர்னல் முழுவதற்கும் ஒரே பூட்டுப் போட்டுவிட்டால் போச்சு!” என்று தோன்றும். லினக்ஸ் முதலில் செய்ததும் அதுதான். 1996-இல் 2.0 பதிப்பில் பல பிராசசர்களுக்கு ஆதரவு வந்தபோது ‘பிக் கெர்னல் லாக்’ என்று ஒரே பெரிய பூட்டுத்தான் இருந்தது. ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் வரைக்கும் ஒரே டோக்கன் கொடுத்த மாதிரி. மோதல் வராது, ஆனால் ஒரு வண்டி போய்ச் சேரும்வரை மற்ற வண்டியெல்லாம் நிற்கணும். அதனால் பெரிய பூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக உடைத்துச் சிறு பூட்டுகளாக்கினார்கள். 2011-இல் 2.6.39 பதிப்பில்தான் அந்தப் பெரிய பூட்டு முழுசாக ஒழிந்தது.

சிறு பூட்டு என்றால் வேகம். ஆனால் ஒரு பூட்டை விட்டு அடுத்த பூட்டைப் பிடிப்பதற்குள் இருக்கும் இடைவெளிகளும் கூடும். வர்ச்சுவல் மெமரியில் இரண்டு பூட்டுகள் முக்கியம். ஒன்று, புரோகிராமின் முகவரிப் பரப்பு முழுவதற்கும் உள்ள பூட்டு. இதைப் படிப்பவர் பலர் சேர்ந்து பிடிக்கலாம். மாற்றுபவர் தனியாகத்தான் பிடிக்க வேண்டும். இன்னொன்று, பேஜ் டேபிள் வரிகளைக் காக்கும் சின்ன ஸ்பின் லாக்.

4. டர்ட்டி கவ்: படிப்படியாக

கெர்னல் கோடை நேராகச் சொன்னால் தலை சுற்றும். ஒரு கற்பனைத் தாலுகா ஆபீஸை வைத்துச் சொல்கிறேன்.

ஆபீஸில் ஒரு மூலப் பதிவேடு இருக்கிறது. அதில் யாரும் கைவைக்கக் கூடாது. யாராவது எழுத வேண்டும் என்றால் கிளார்க் ஜெராக்ஸ் எடுத்து மேசையில் வைப்பார், அதில் எழுதிக்கொள்ளலாம். வாசலில் உள்ள காவலர் சீட்டைப் பார்த்துத்தான் தாளைத் தொடவிடுவார்.

படி 1: நம்ம ஆள் “எழுத வேண்டும்” என்று சீட்டு நீட்டுகிறான். மேசையில் தாள் இல்லை. கிளார்க் ஜெராக்ஸ் எடுத்து மேசையில் வைக்கிறார்.

படி 2: நம்ம ஆள் மறுபடி காவலரிடம் போகிறான். இந்தத் தாளுக்கு ‘எழுதலாம்’ என்ற முத்திரை கிடையாது. ஏனென்றால் இவன் கேட்டது வாசிக்க மட்டும் உரிமையுள்ள ஃபைல், டீபக்கர்கள் பயன்படுத்தும் தனிவழி மூலம் வலுக்கட்டாயமாக எழுதக் கேட்கிறான். காவலர் திருப்பி அனுப்புகிறார்.

படி 3: கிளார்க் யோசிக்கிறார். “நகல்தான் எடுத்தாச்சே, இனி இவன் எழுதினாலும் மூலத்துக்கு ஆபத்தில்லை.” காவலர் தடுக்காமல் இருக்கச் சீட்டில் உள்ள “எழுத” என்ற சொல்லை அடித்துவிட்டு “பார்க்க” என்று மாற்றிக் கொடுத்துவிடுகிறார்.

படி 4: இந்த நேரம் பார்த்து நம்ம ஆளின் கூட்டாளி மேசைக்கு வந்து, “இந்த ஜெராக்ஸ் எங்களுக்கு வேண்டாம்” என்று அதைக் கிழித்துப் போட்டுவிடுகிறான். அது அவர்களுடைய நகல்தான். கிழிக்க அவர்களுக்கு முழு உரிமை உண்டு.

படி 5: நம்ம ஆள் திருத்திய சீட்டோடு வருகிறான். மேசையில் தாள் இல்லை. சீட்டில் இருப்பதோ “பார்க்க”. பார்ப்பதற்கு எதற்கு ஜெராக்ஸ்? கிளார்க் மூலப் பதிவேட்டையே கொண்டுவந்து வைக்கிறார்.

படி 6: காவலர் சீட்டைப் பார்க்கிறார். “பார்க்கத்தானே, போ.” நம்ம ஆள் கையில் பேனா. மூலத்திலேயே எழுதிவிட்டான்.

பார்த்தீர்களா! யாரும் விதியை மீறவில்லை. ஒவ்வொருவரும் தன் முன்னால் உள்ளதைப் பார்த்துச் சரியாகத்தான் செய்தார்கள். ஆனாலும் பதிவேடு கெட்டது.

இப்போது கெர்னல் பெயர்களைப் பொருத்திப் பாருங்கள். மூலப் பதிவேடு என்பது பேஜ் கேஷில் உள்ள ஃபைல் பேஜ். கிளார்க் என்பது பேஜ் ஃபால்ட் கோடு. காவலர் என்பது பேஜ் டேபிளைப் பார்த்துப் பேஜைக் கொடுக்கும் ஃபங்ஷன். சீட்டு என்பது ‘ஃபால் ரைட்’ என்ற ஃபிளாக். கூட்டாளி என்பவன் ‘எம்-அட்வைஸ்’ என்ற சிஸ்டம் காலில் “இந்தப் பேஜ் வேண்டாம்” என்று சொல்லும் இரண்டாவது த்ரெட். ஒரு த்ரெட் எழுதிக்கொண்டே இருக்கும், மற்றது நகலை வீசிக்கொண்டே இருக்கும். என்றாவது ஒரு சுற்றில் படி 3-க்கும் படி 5-க்கும் நடுவே கூட்டாளி சரியாக நுழைந்துவிடுவான். பாஸ்வேர்ட் ஃபைலோ ரூட் உரிமையோடு ஓடும் புரோகிராமோ மாறிவிட்டால் சோலி முடிந்தது.

5. “அதான் லாக் இருக்கே!”

இங்கே நியாயமான ஒரு சந்தேகம் எழும். பூட்டு இல்லையா? இருந்தது. முதல் த்ரெட் முகவரிப் பரப்பின் பூட்டைப் பிடித்துக்கொண்டுதான் இந்தச் சுற்றுகளை ஓட்டுகிறது. ஆனால் அது ‘படிப்பவர்’ பூட்டு. எம்-அட்வைஸ் முன்பு ‘மாற்றுபவர்’ பூட்டைப் பிடித்தது; வேகத்துக்காக 2007-இல், 2.6.22 பதிப்பில், இந்த வகை வேலைக்குப் ‘படிப்பவர்’ பூட்டே போதும் என்று மாற்றினார்கள். இரண்டு பேரும் படிப்பவர்கள் என்றால் இரண்டு பேரும் உள்ளே வரலாம் அல்லவா? பூட்டு இருந்தும் வாசல் திறந்தே இருந்தது. இந்த ஓட்டைக்கு 2.6.22 முதல் என்று கணக்குச் சொல்வதும் இதனோடு பொருந்துகிறது.

பேஜ் டேபிளின் ஸ்பின் லாக்கும் ஒவ்வொரு படியிலும் ஒழுங்காகப் பிடிக்கப்பட்டது. ஆனால் ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே அதை விட்டுவிடுகிறார்கள். விட்ட நேரத்தில் உலகம் மாறுகிறது. கிளார்க்கின் மனதில் மட்டும் “நகல் எடுத்தாச்சு” என்ற பழைய செய்தி.

இந்தப் பிழையின் முந்தைய வரலாறும் நமக்குப் பாடம். இதே இடத்தில் ரேஸ் இருக்கிறது என்று 2005-லேயே லினஸ் டோர்வால்ட்ஸ் கண்டு ஒரு திருத்தம் போட்டார். ஐ.பி.எம். மெயின்ஃபிரேமான எஸ்-390 எந்திரத்தில் டர்ட்டி பிட் வேறு விதமாக வேலை செய்ததால் அந்தத் திருத்தம் அங்கே சிக்கல் கொடுத்தது. உடனே அதைத் திரும்ப எடுத்துவிட்டார்கள். அன்றைக்கு இந்த ரேஸ் ஏட்டளவில்தான் என்று தோன்றியது. பிறகு பிராசசர்கள் பெருகின, பூட்டுகள் சிறுத்தன. ஏட்டில் இருந்தது நடைமுறைக்கு வந்துவிட்டது.

“பத்து லட்சத்தில் ஒரு தடவைதானே” என்று ஒதுக்குபவர்களுக்கு ஒரு கணக்கு. நொடிக்கு 10,000 தடவை முயன்றால் பத்து லட்சம் முயற்சிக்கு ஆகும் நேரம் 100 நொடி. ஒரு டீ ஆறும் நேரம்கூட இல்லை.

6. திருத்திய விதம்

2016-இல் ஃபில் ஓஸ்டர் என்பவர், தாக்கப்பட்ட ஒரு சர்வருக்கு வந்த நெட்வொர்க் பாக்கெட்டுகளைச் சேமித்து வைத்திருந்ததிலிருந்து தாக்குதல் புரோகிராமையே பிரித்தெடுத்தார். அதாவது, நல்லவர்கள் கண்டுபிடிக்கும் முன்பே கெட்டவர்கள் பயன்படுத்திக்கொண்டிருந்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில் டோர்வால்ட்ஸின் திருத்தம் வந்தது. 4.8.3, 4.7.9, 4.4.26 பதிப்புகளில் அது சேர்ந்தது.

திருத்தம் மிகவும் சின்னது. நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால்:

முதலாவது, கிளார்க் இனிமேல் சீட்டில் உள்ள “எழுத” என்ற சொல்லை அடிக்கக் கூடாது. அதன் கீழே “நகல் எடுத்தாச்சு” என்று தனியாக ஒரு குறிப்பு எழுதலாம். இதற்காக ‘ஃபால் கவ்’ என்று ஒரு புது ஃபிளாக் உண்டாக்கினார்கள்.

இரண்டாவது, காவலர் அந்தக் குறிப்பை மட்டும் நம்பிவிடக் கூடாது. மேசையில் இப்போது இருக்கும் தாளையும் பார்க்க வேண்டும். அதில் டர்ட்டி அடையாளம் இருந்தால்தான் நகல் என்று எடுத்துக்கொண்டு விடலாம். பார்ப்பதும் பேஜைப் பிடித்துக்கொள்வதும் ஒரே ஸ்பின் லாக்குக்குள் நடக்க வேண்டும்.

இப்போது கூட்டாளி நகலைக் கிழித்தால் என்ன ஆகும்? சீட்டில் இன்னும் “எழுத” என்றே இருக்கிறது. கிளார்க் மறுபடி ஜெராக்ஸ்தான் எடுப்பார். எத்தனை தடவை கிழித்தாலும் அத்தனை தடவை ஜெராக்ஸ். மூலம் வெளியே வராது.

கவனியுங்கள்: புதுசாக எந்தப் பூட்டும் போடவில்லை. வேகமும் குறையவில்லை. மறந்துபோன ஒரு உண்மையை மறக்காமல் வைத்ததும், பழைய செய்தியை நம்பாமல் கடைசி நிமிடத்தில் திரும்பப் பார்த்ததும்தான் திருத்தம்.

7. அத்தோடு முடிந்ததா?

முடியவில்லை. லினக்ஸில் 4096 பைட் பேஜ் தவிர 2 எம்.பி. அளவுள்ள பெரிய பேஜ்களும் உண்டு. அதே திருத்தத்தை அதற்கும் போட்டார்கள். ஆனால் பெரிய பேஜ் கோடில், சும்மா படித்தாலே டர்ட்டி பிட்டைப் போட்டுவிடும் வழி ஒன்று இருந்தது. “மை பட்டிருந்தால் அது நகல்தான்” என்ற நம்பிக்கை அங்கே பொய்த்துப் போனது. 2017-இல் இதற்கு ‘ஹியூஜ் டர்ட்டி கவ்’ என்று பெயர் வந்தது, சி.வி.இ-2017-1000405. அதையும் அடைத்தார்கள்.

2022-இல் மறுபடியும். இந்தத் தடவை ஷேர்டு மெமரி ஃபைல்களில். 5.16 பதிப்பில் வேறொரு வேலைக்காகச் செய்த மாற்றம், மூலப் பேஜுக்கே டர்ட்டி பிட் போட்டது. காவலர் மறுபடி ஏமாந்தார். சி.வி.இ-2022-2590 என்று பதிவானது. அப்போது டேவிட் ஹில்டன்பிராண்ட் என்ற கெர்னல் எஞ்சினியர் செய்ததுதான் அழகு. டர்ட்டி பிட்டை நம்பும் பழக்கத்தையே விட்டுவிட்டார். “இந்தப் பேஜ் இந்த ஒருவனுக்கு மட்டுமே சொந்தமான தனிநகல்” என்று பேஜின் மேலேயே முத்திரை குத்தும் முறை அதே ஆண்டு 5.19 பதிப்பில் வந்திருந்தது. அந்த முத்திரையைப் பார்த்தால் போதும் என்று மாற்றி, ‘ஃபால் கவ்’ ஃபிளாக்கையே நீக்கிவிட்டார்.

டர்ட்டி பிட் என்பது “எழுதப்பட்டது” என்று சொல்ல வந்தது. “இது நகல்” என்று சொல்ல வந்ததல்ல. இரண்டும் பெரும்பாலும் சேர்ந்தே இருந்ததால் ஒன்றை வைத்து மற்றதை ஊகித்தார்கள். இரவல் சாட்சி என்றைக்காவது பிறழ்ந்துவிடும்.

2023-லும் இதே குடும்பத்தில் இன்னொரு பிழை வந்தது. ஸ்டாக் பகுதி வளரும்போது, படிப்பவர் பூட்டை மட்டும் பிடித்துக்கொண்டு முகவரிப் பரப்பின் மரத்தை மாற்றினார்கள். ‘ஸ்டாக் ராட்’ என்ற அந்தப் பிழை, ஸ்டாக் வளர மாற்றுபவர் பூட்டு வேண்டும் என்று ஆக்கியதும் தீர்ந்தது.

8. நமக்கு என்ன சம்பந்தம்?

“இதெல்லாம் அமெரிக்காக்காரன் கவலை” என்று நினைக்க வேண்டாம். சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், தமிழக அரசு 2011 முதல் கொடுத்த விலையில்லா லேப்டாப்கள் பலவற்றில் விண்டோஸோடு சேர்ந்து வந்தது. அதன் உள்ளே இருப்பதும் லினக்ஸ் கெர்னல்தான். 2017 செப்டம்பரில் டிரெண்ட் மைக்ரோ நிறுவனம், டர்ட்டி கவ் ஓட்டையைப் பயன்படுத்தி ஆண்ட்ராய்டு போன்களைப் பிடிக்கும் ‘ஸ்னியூ’ என்ற வைரஸைப் பற்றி அறிவித்தது. 40-க்கு மேற்பட்ட நாடுகளில் பரவிய அதில் மிகுதியாகப் பாதிக்கப்பட்டவர்கள் சீனாவிலும் இந்தியாவிலும் இருந்தார்கள். திருத்தம் வெளிவந்து ஏறக்குறைய ஓராண்டு ஆகியிருந்தது! போனுக்கு அப்டேட் வராதவன் பாடு அப்படி. திருத்தம் எழுதுவது பாதி வேலை. அது கடைசி மெஷின் வரை போய்ச் சேருவது மீதிப் பாதி.

இன்னொரு பக்கமும் உண்டு. இந்தத் துறையில் நம் நாட்டவர் கையும் இருக்கிறது. படிப்பவர் பூட்டே பிடிக்காமல் படிக்க வழிசெய்யும் ‘ஆர்.சி.யூ.’ என்ற முறையை 2002 அக்டோபரில் 2.5.43 பதிப்பில் லினக்ஸுக்குள் கொண்டுவந்தவர் ஐ.பி.எம்.மில் பணியாற்றிய திபங்கர் சர்மா. அந்த முறை இன்று கெர்னலின் மூலை முடுக்கெல்லாம் இருக்கிறது. நாமும் படித்தால் எட்டாத உயரம் இல்லை.

9. பிழை பிடிக்கும் கருவிகளும் அவற்றின் எல்லையும்

லினக்ஸில் ரேஸ் பிழையைப் பிடிக்கப் பல கருவிகள் வந்துவிட்டன. பூட்டுகளைத் தவறான வரிசையில் பிடித்தால் எச்சரிக்கும் ‘லாக்டெப்’ 2006-இல் வந்தது. விடுவித்த மெமரியைத் தொட்டால் பிடிக்கும் ‘கேசான்’ 2015-இல் வந்தது. பூட்டில்லாமல் இருவர் ஒரே இடத்தைத் தொட்டால் காட்டும் ‘கேசிசான்’ 2020-இல் வந்தது.

ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். டர்ட்டி கவ் மாதிரிப் பிழையை இந்த மூன்றும் தாமாகப் பிடித்துவிடாது. ஏனென்றால் அங்கே பூட்டு வரிசை சரி; செத்த மெமரியை யாரும் தொடவில்லை; பேஜ் டேபிளைத் தொட்ட ஒவ்வொரு முறையும் பூட்டுப் போட்டுத்தான் தொட்டார்கள். தவறு பூட்டில் இல்லை, பூட்டை விட்ட பிறகும் பழைய முடிவை நம்பியதில் இருக்கிறது. அதைப் பிடிக்க மனிதன்தான் கோடை உட்கார்ந்து படிக்கணும்.

படிக்கும்போது கேட்க வேண்டிய கேள்விகள் இவை:

1. இந்த முடிவை எந்தப் பூட்டுக்குள் எடுத்தேன்? அதைப் பயன்படுத்தும்போது அந்தப் பூட்டு இன்னும் என் கையில் இருக்கிறதா?

2. நடுவில் விட்டிருந்தால், திரும்பப் பிடித்ததும் மறுபடி சோதித்தேனா?

3. ‘மறுபடி முயற்சி’ செய்யும் சுற்றில், முதலில் கேட்ட கேள்வி அப்படியே இருக்கிறதா, அல்லது வழியில் மாறிவிட்டதா?

4. நான் நம்பும் அடையாளம் இதற்கென்றே வைத்ததா, இரவல் அடையாளமா?

5. ஒரு இடத்தில் திருத்தினால், அதே மாதிரி எழுதிய அண்ணன் தம்பிக் கோடு வேறு எங்கெல்லாம் இருக்கிறது?

10. லேபில் செய்து பாருங்கள்

கெர்னலைத் தொட வேண்டாம். சி மொழியில் இரண்டு பி-த்ரெட் உருவாக்குங்கள். ஒரே குளோபல் எண்ணில் ஒவ்வொன்றும் பத்து லட்சம் தடவை ஒன்று கூட்டட்டும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்யுங்கள். விடை 20 லட்சம் வரணும். ஒன்றுக்கு மேற்பட்ட கோர் உள்ள மெஷினில் பெரும்பாலும் வராது. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு விடை வரும். அடுத்து, கூட்டலைச் சுற்றி மியூடெக்ஸ் போடுங்கள். விடை சரியாக வரும். எடுக்கும் நேரமும் கூடும். எவ்வளவு கூடுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பூட்டின் விலை அதுதான்.

மூன்றாவதாக ஒரு பயிற்சி. ஒரு எண் 100-க்குக் கீழே இருந்தால் மட்டும் ஒன்று கூட்ட வேண்டும். “கீழே இருக்கா?” என்று ஒரு தடவை மியூடெக்ஸ் போட்டுப் பாருங்கள், விட்டுவிடுங்கள், மறுபடி மியூடெக்ஸ் போட்டுக் கூட்டுங்கள். இரண்டு இடத்திலும் பூட்டு இருக்கிறது. பல த்ரெட்களை விட்டு, நடுவே ஒரு சின்ன ஸ்லீப் வைத்து ஓட்டினால் எண் 100-ஐத் தாண்டும். டர்ட்டி கவ்வின் சின்ன உருவம் இதுதான். சோதனையையும் கூட்டலையும் ஒரே பூட்டுக்குள் கொண்டுவந்தால் தீர்ந்தது.

முடிவுரை

நாளைக்கு நம்மில் பலர் கெர்னல் எழுதப் போவதில்லை. ரயில் ரிசர்வேஷனோ, கூட்டுறவு பேங்க் கணக்கோ, மீன் ஏலக் கணக்குக்கு ஒரு சின்ன சாஃப்ட்வேரோ எழுதுவோம். கடைசி ஒரு சீட்டை இரண்டு பேருக்கு விற்றாலும், கணக்கில் இல்லாத பணத்தை எடுக்கவிட்டாலும் காரணம் இதே பிழைதான்: பார்த்தது ஒரு நேரம், செய்தது இன்னொரு நேரம். அங்கே நஷ்டப்படுபவர் பேப்பரில் வரும் பெரிய கம்பெனி அல்ல, கவுன்டரில் நிற்கும் சாதாரண மனிதர்.

ஆகவே நண்பர்களே, புரோகிராம் ஒரு தடவை ஓடிவிட்டது என்று திருப்தி அடைந்துவிடாதீர்கள். “நடுவில் ஒருத்தன் புகுந்தால்?” என்று ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு தடவை கேளுங்கள். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகியவரே நல்ல எஞ்சினியர்.